கணக்கு ரீச்சர் பதில்கள்: 2,147,483,647

கேள்வி: மதிப்புக்குரிய ரீச்சருக்கு, திருகோணமலையில் ஒரு மீன் மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் தொடக்கம் நடந்த விற்பனையின் மொத்தத்தைக் கணினியே கூட்டிக் காட்டும். போன வாரம் அது 21,468,250.00 ரூபாவில் நின்றது. 18,400.00 ரூபாவுக்கு ஒரு அறக்குளா பில் பதிந்தேன். உடனே மொத்தம் −21,463,022.96 என்று மாறிவிட்டது. முதலாளி என்னைத்தான் பார்க்கிறார். எங்கள் பில் எல்லாம் முழு ரூபாவில்தான் இருக்கும். இந்த 96 சதம் எங்கிருந்து வந்தது? யாராவது கணினிக்குள் புகுந்து விளையாடிவிட்டார்களா?
— கணக்கர், உட்துறைமுக வீதி

பதில்: தம்பி, முதலில் மனதை ஆறவிடுங்கள். ஒரு சதமும் எங்கும் போகவில்லை, யாரும் உள்ளே புகவும் இல்லை. அந்த 96 சதத்தை நீங்கள் கவனித்து எழுதியது பெரிய உதவி. கடிதத்தில் அதைப் பார்த்த இடத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

பல கணக்கு மென்பொருள்கள் காசை ரூபாவாக வைப்பதில்லை, சதமாக வைக்கின்றன. தசமப் புள்ளி இருந்தால் இயந்திரத்துக்குள் சின்னச் சின்னப் பிசகு வரும், முழு எண்ணுக்கு அது வராது என்பதுதான் காரணம். அந்த முழு எண்ணை வைக்க உங்கள் மென்பொருள் 32 இடங்களை ஒதுக்கியிருக்கிறது. ஒவ்வொரு இடத்தையும் ஒரு சுவிட்ச் என்று நினையுங்கள், போட்டால் 1, நிறுத்தினால் 0. ஒரு சுவிட்ச் கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும். மற்ற 31 சுவிட்சையும் போட்டால் 1 + 2 + 4 + 8 என்று இரட்டித்துப் போகிற 31 எண்களின் கூட்டுத்தொகை வரும். அது 2,147,483,647. சதத்தை ரூபாவாக்கினால் 21,474,836.47. இதற்கு மேல் ஒரு சதம்கூட அந்தப் பெட்டிக்குள் கொள்ளாது.

உங்கள் மொத்தம் அந்த எல்லைக்கு 6,586 ரூபா 47 சதம் குறைவாக நின்றது. அறக்குளா பில் 18,400 ரூபா. எல்லையைத் தாண்டியதும் குறிக்கான சுவிட்ச் தானாக 1 ஆகிவிட்டது. அப்படி ஆனதும் இயந்திரம் உண்மையான எண்ணில் இருந்து 2இன் 32ஆம் அடுக்கைக் கழித்ததாகவே வாசிக்கும். 2இன் 32ஆம் அடுக்கு 4,294,967,296. ரூபாவில் 42,949,672.96. உங்கள் 96 சதம் வந்த இடம் இதுதான்.

முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கடதாசியில் இதைக் கூட்டுங்கள்: 42,949,672.96இல் இருந்து 21,463,022.96 போனால் 21,486,650.00. பழைய மொத்தம் 21,468,250.00உடன் 18,400.00 சேர்ந்தாலும் அதே 21,486,650.00. இரண்டு பக்கமும் சதம் பிசகாமல் பொருந்துவதை அவர் தன் கண்ணால் பார்க்கட்டும். உங்கள் மேல் விழுந்த சந்தேகத்துக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். மொத்தத்தைச் சரிப்படுத்துவதற்காகப் பொய்யாக ஒரு பதிவு போடாதீர்கள். பில்கள் ஒவ்வொன்றாகப் பத்திரமாக இருக்கின்றன, கெட்டது கூட்டுத்தொகை வைக்கும் பெட்டி மட்டும்தான். பில்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, மென்பொருள் எழுதியவரிடம் அந்தப் பெட்டியை 64 இடமாக்கித் தரச் சொல்லுங்கள். அவர் எழுதிய காலத்தில் ஒரு மீன் வாடிக்கு இரண்டு கோடி என்பது எட்டாத தொகையாக இருந்திருக்கும். 2022இல் ரூபா விழுந்து விலைகள் ஏறிய பிறகு எத்தனையோ சிறிய வியாபாரங்கள் அந்தத் தொகையைத் தாண்டிவிட்டன. உங்களைப் போல வேறு கணக்கர்களும் இதே திகைப்பில் இருக்கக்கூடும் என்பதால்தான் இந்தப் பதிலை இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

இந்த எல்லை காசுக்கு மட்டுமல்ல. பல கணினிகள் 1970 ஜனவரி 1 தொடங்கி செக்கன்களை எண்ணித்தான் நேரம் சொல்கின்றன. 32 இடத்தில் எண்ணுகிற பழைய இயந்திரங்களுக்கு 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, எங்கள் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனில் இதே 2,147,483,647 நிறைந்துவிடும். அதற்குள் அவற்றை மாற்றியாக வேண்டும்.

கேள்வி: 2147483647இன் இலக்கங்களைக் கூட்டினால் 46, அதைக் கூட்டினால் 10, கடைசியில் 1. எண் சாத்திரத்தில் 1 சூரியனுக்கு உரியது. கணினிக்காரர் இந்த எண்ணைத் தெரிந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணமா?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், ஓர்ஸ் ஹில்

பதில்: ஐயா, இதை யாரும் தெரிந்தெடுக்கவில்லை. 31 சுவிட்ச் இருந்தால் இந்த எண்தான் வரும். ஆனாலும் நீங்கள் செய்த கூட்டல் வீண் இல்லை. இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய்க் கிடைக்கும் 1, இந்த எண்ணை 9ஆல் வகுத்தால் 1 மீதி வரும் என்று சொல்கிறது. அதனால் 3ஆலும் மீதியின்றி வகுபடாது. ஒரே நிமிடத்தில் இரண்டு காரணிகளை விலக்கிவிட்டீர்கள். அடுத்த கேள்விக்கு அது உதவும்.

கேள்வி: ரீச்சர், நான் ஏ.எல். கணிதப் பிரிவில் படிக்கிறேன். 2147483647 ஒரு முதன்மை எண், அதாவது 1ஆலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாத எண், என்று போனில் பார்த்தேன். ஒய்லர் என்பவர் 1772இல், கணினி இல்லாத காலத்தில் இதை நிறுவினாராம். பத்து இலக்க எண்ணைக் கையால் எப்படிச் சோதிப்பது? நாங்களும் செய்ய முடியுமா, அல்லது போன் சொல்வதை நம்புவதுதானா?
— மாணவி, கிண்ணியா

பதில்: மகள், செய்ய முடியும். போன் சொல்வதைச் சொன்னபடி நம்பாமல் கேட்டீர்களே, அதற்காகவே உங்களுக்கு முழு வழியையும் எழுதுகிறேன். கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஒய்லர் அப்போது ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பேர்க்கில் இருந்தார். வயது அறுபத்தைந்தை எட்டியிருந்தது, கண் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. மனதில் கணக்குப் போட்டு, சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். பார்வை போன பிறகும் அவர் வேலையின் வேகம் குறையவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் நான் ஒருபோதும் விட்டதில்லை.

நேர்வழி எல்லோருக்கும் தெரிந்தது. வர்க்கமூலம் வரை உள்ள முதன்மை எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பது. 46,340இன் வர்க்கம் 2,147,395,600. 46,341இன் வர்க்கம் எங்கள் எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே 46,340 வரை போனால் போதும். ஆனால் அதுவரைக்கும் ஏறத்தாழ 4,800 முதன்மை எண்கள் இருக்கின்றன. கையால் செய்ய அது மலை போன்ற வேலை. ஒய்லர் செய்தது, எந்த எண்கள் காரணியாகவே இருக்க முடியாது என்பதை முன்கூட்டியே விலக்கியது.

முதலில் சின்ன உதாரணம். 2இன் 11ஆம் அடுக்கில் 1 கழித்தால் 2047. அது 23 × 89. இப்போது 2இன் அடுக்குகளை 23ஆல் வகுத்து மீதிகளை எழுதுங்கள்: 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. பதினோராவது இடத்தில் 1 வந்தது, அதன் பிறகு அதே வரிசை திரும்பும். p என்ற ஒற்றை முதன்மை எண்ணால் வகுத்தால் p−1ஆவது இடத்தில் 1 வரும் என்பது ஃபெர்மாவின் தேற்றம். அதன்படி 22ஆவது இடத்திலும் 1 வர வேண்டும், ஆகவே 22 என்பது 11இன் மடங்காக இருந்தே ஆக வேண்டும். இருக்கிறது.

இதையே எங்கள் எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். p என்ற முதன்மை எண் 2இன் 31ஆம் அடுக்கு கழித்தல் 1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2இன் அடுக்குகளின் மீதி வரிசை 31ஆவது இடத்தில் 1க்கு வருகிறது. வரிசையின் சுற்று நீளம் 31ஐ வகுக்க வேண்டும். 31 முதன்மை எண் என்பதால் நீளம் 1 அல்லது 31. 1 ஆக முடியாது, 2ஐ p ஆல் வகுத்து 1 மீதி வர வேண்டுமானால் p 1 ஆகிவிடும். ஆகவே நீளம் 31. ஃபெர்மாவின் தேற்றம் p−1ஆவது இடத்தில் 1 வரும் என்கிறது, எனவே p−1 என்பது 31இன் மடங்கு. p ஒற்றை எண், p−1 இரட்டை எண். அதனால் p−1 என்பது 62இன் மடங்கு. 62ஆல் வகுத்து 1 மீதி வராத எந்த முதன்மை எண்ணையும் நீங்கள் தொடவே தேவையில்லை.

இன்னொரு வடிகட்டலும் இருக்கிறது. 2இன் 31ஆம் அடுக்குக்கு மீதி 1 என்றால் 32ஆம் அடுக்குக்கு மீதி 2. 32ஆம் அடுக்கு ஒரு வர்க்கம், 16ஆம் அடுக்கின் வர்க்கம். ஒரு வர்க்கத்தை p ஆல் வகுத்து 2 மீதி வர வேண்டுமானால் p ஐ 8ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7தான் மீதியாக வரலாம். இந்த விதியின் நிறுவலைக் கடிதத்தில் எழுத இடம் போதாது, ஆனால் 23ஐயும் 89ஐயும் எடுத்துப் பாருங்கள்: ஒன்றுக்கு மீதி 7, மற்றதுக்கு 1.

இரண்டு நிபந்தனையையும் சேர்த்தால் p ஐ 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மட்டுமே மீதியாக வரலாம். 46,340 வரை அப்படிப்பட்ட எண்கள் எத்தனை? முதன்மை எண் அல்லாத 1ஐயும் 63ஐயும் விட்டால், 249இல் தொடங்கும் வரிசையில் 186, 311இல் தொடங்கும் வரிசையில் 186, மொத்தம் 372. நாலாயிரத்து எண்ணூறு முந்நூற்று எழுபத்திரண்டாகக் குறைந்துவிட்டது! இந்த இடத்துக்கு வரும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு மேல் சிலிர்க்கும். ஒரு வகுத்தல்கூடச் செய்யவில்லை, யோசித்ததாலேயே இத்தனை குறைந்தது.

அந்த 372இலும் பாதிக்கு மேல் பார்த்தவுடனேயே கழிந்துவிடும். 249 என்பது 3 × 83. 497 என்பது 7 × 71. 559 என்பது 13 × 43. 745 ஐந்தில் முடிகிறது. முதலில் கையில் மிஞ்சும் முதன்மை எண் 311. வகுத்துப் பாருங்கள்: ஈவு 6,905,092, மீதி 35. அடுத்து 1303 வரை ஒன்றும் இல்லை. அதால் வகுத்தால் மீதி 226. பிறகு 1489, மீதி 199. இப்படியே போக வேண்டும். ஒன்றிலாவது மீதி 0 வந்தால் எண் சேர்த்தி எண். கடைசி வரை வராவிட்டால் முதன்மை எண், அதற்குப் பிறகு யாருடைய சொல்லும் தேவையில்லை.

உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் சில பிள்ளைகள் கணக்குச் செய்ய வருவார்கள். அவர்களுக்கு இந்த எண்களைத் துண்டுக் கடதாசியில் எழுதிப் பங்கிட்டுக் கொடுத்தேன். ஒருவர் செய்த வகுத்தலை இன்னொருவர் பெருக்கிச் சரிபார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. வழக்கமாக ‘பாஸ் பேப்பர்’ மட்டும் செய்வோம் என்று நிற்கிற பிள்ளைகள், அன்று மின்விசிறி நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. உங்கள் வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் ஆளுக்கு ஒன்பது பத்து எண்கள்தான் வரும். உங்கள் கணித ஆசிரியரிடம் இதைக் காட்டிக் கேளுங்கள். ஒய்லர் நிறுவியதைக் கிண்ணியாவில் உங்கள் வகுப்பும் நிறுவலாம், அது அவருடையதைவிட ஒரு இம்மியும் குறைந்த நிறுவலாக இருக்காது.

ஒய்லருக்கு முன் சொன்னவர்களும் இருந்தார்கள். இத்தாலியில் கத்தால்தி என்பவர் 2இன் 17ஆம், 19ஆம் அடுக்குகளில் 1 கழித்த எண்கள் முதன்மை எண்கள் என்று 1588இல் சரியாக வகுத்து நிறுவினார். பிறகு 23, 29, 31, 37 அடுக்குகளும் அப்படித்தான் என்றார். அவற்றில் 31 மட்டும் சரி. 23ஆம் அடுக்கில் 1 கழித்தால் 8,388,607, அது 47 × 178,481. 47ஐ 23ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறது பாருங்கள், மேலே சொன்ன அதே விதி.

கேள்வி: முதல் கேள்விக்காரருக்கு 64 இடம் போடச் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பெட்டியின் உச்ச எண்ணும் முதன்மை எண்ணா?
— கணினிப் பாட மாணவர், சீனக்குடா

பதில்: இல்லை. அதில் 63 சுவிட்ச் எண்ணுக்கு. உச்சம் 9,223,372,036,854,775,807. 63 என்பது 3இன் மடங்கு. துவித எண்ணில், அதாவது சுவிட்சுகளின் 0, 1 வடிவில், 63 ஒன்றுகளை மூன்று மூன்றாகப் பிரித்தால் 111, 111 என்று மிச்சமில்லாமல் பிரிந்துவிடும், துவித 111 என்பது 7. ஆகவே 7ஆல் வகுபடும். 63 என்பது 7இன் மடங்கும் ஆனதால் ஏழு ஒன்றுகளாகப் பிரித்தால் 127ஆலும் வகுபடும். முழுவதும் உடைத்தால் 7 × 7 × 73 × 127 × 337 × 92,737 × 649,657. 16 இட உச்சமான 32,767உம் அப்படித்தான், 7 × 31 × 151. அடுக்கு சேர்த்தி எண்ணானால் எண்ணும் சேர்த்தி எண்தான். அடுக்கு முதன்மை எண்ணாக இருந்தால் வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை, 11ஐ ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

பக்கத்து எண்களையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 2,147,483,648 இரண்டைத் தவிர வேறு காரணி இல்லாத எண். 2,147,483,646 என்பது 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. நடுவில் நிற்பது மட்டும் ஒன்றாலும் உடையவில்லை.

கேள்வி: மகன் இரவு பகலாகப் பெரிய முதன்மை எண்களைப் பற்றியே வாசிக்கிறான். பரீட்சைக்கு வராத இந்தச் சங்கதியால் என்ன பயன்?
— ஒரு தாய், தம்பலகாமம்

பதில்: அம்மா, உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. பரீட்சைப் பாடத்தை அவர் விடக்கூடாது, அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் இந்த எண்ணையே எடுத்துப் பயனைச் சொல்கிறேன்.

2இன் 30ஆம் அடுக்கால் இதைப் பெருக்கினால் 2,305,843,008,139,952,128 வரும். அந்த எண்ணின் காரணிகளில் அதையே விட்டு மற்றதெல்லாம் கூட்டினால் திரும்ப அதே எண் கிடைக்கும், 6க்கு 1 + 2 + 3 போல. 1811இல் இங்கிலாந்தில் பீட்டர் பார்லோ என்ற கணிதர், இப்படிப்பட்ட எண்கள் வெறும் ஆர்வத்துக்குரியவை, பயனற்றவை, இதற்கு மேல் ஒன்றை யாரும் தேடப்போவதில்லை என்று எழுதினார். 1876இல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் 2இன் 127ஆம் அடுக்கு கழித்தல் 1 முதன்மை எண் என்று நிறுவினார், அதிலிருந்தும் இதே வழியில் அப்படி ஒரு எண் கிடைக்கும். 1883இல் பெர்வூஷின் என்ற ரஷ்யப் பாதிரியார் 61ஆம் அடுக்கை நிறுவினார். 2024இல் கண்டுபிடித்தது 136,279,841ஆம் அடுக்கு. அதை எழுதினால் 41,024,320 இலக்கம்.

பயனற்றது என்பதும் நிலைக்கவில்லை. வானிலையையோ சந்தையில் வரும் கூட்டத்தையோ கணினியில் போலச் செய்து பார்ப்பதற்கு ஒழுங்கு தெரியாத எண்கள் வேண்டும். அவற்றை உண்டாக்க 1960களின் இறுதி தொடக்கம் பயன்பட்ட ஒரு வழி இது: ஒரு எண்ணை 16,807ஆல் பெருக்கு, 2,147,483,647ஆல் வகு, மீதியை வைத்துக்கொள், அதையே திரும்பப் பெருக்கு. 16,807 என்பது 7இன் 5ஆம் அடுக்கு. வகுக்கும் எண் முதன்மை எண்ணாக இருப்பதாலும் பெருக்கும் எண்ணைப் பார்த்துத் தெரிந்தெடுத்ததாலும், 1 முதல் 2,147,483,646 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரு முறை வந்த பிறகுதான் வரிசை திரும்பும்.

மகனை அடுக்களை மேசையில் இருத்தி இதைச் சின்னதாகச் செய்து காட்டச் சொல்லுங்கள். 3ஆல் பெருக்கி 7ஆல் வகுத்து மீதி எடுத்தால் 3, 2, 6, 4, 5, 1, ஆறும் வந்துவிடும். 7க்குப் பதில் 8ஆல் வகுத்தால் 3, 1, 3, 1 என்று இரண்டே எண்ணில் சுற்றும். ஏன் என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் விளக்கத்தை எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறேன்.